படித்ததும் படைத்ததும்: ஊவா மலையக எழுத்தில் வாசிப்பின் பங்கு

தமிழ் இலக்கண நூலார் நூல்களை முதனூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்தினர். ஒருவர் இயற்றும் நூல், அவருக்கு முன்னே பிறர் இயற்றிய நூலோடு எத்தகைய உறவு பூண்டு நிற்கின்றது என்பதே இப்பாகுபாட்டின் அடிப்படையாகும். எழுதுவோர் யாவரும் முன்னர்க் கற்போராக இருந்தவரே என்னும் உண்மை இதனுள் அடங்கிக் கிடக்கின்றது. இக்காலத் திறனாய்வாளர் 'தாக்கம்' என்றும் 'செல்வாக்கு' என்றும் வழங்குவனவும் இவ்வுறவையே குறிப்பன.

இவ்வுறவு தொழிற்படும் முறையை ஆராய்வதற்கு, நூல்கள் நிறைந்த நகரத்தில் வாழ்ந்த எழுத்தாளரைக் காட்டிலும், நூல் அரிதாகக் கிடைத்த நிலத்தில் தோன்றிய எழுத்தாளரே பொருத்தமான சான்றாவர். நூல் மலிந்த இடத்தில் எது எதனைப் பிறப்பித்தது எனப் பிரித்தறிதல் கடினம். நூல் அருகிய இடத்திலோ, வந்த நூல் எத்தகையது, வந்த வழி யாது, வந்தபின் விளைந்தது யாது என்பன ஓரளவு தெளிவாகப் புலப்படும். இலங்கையின் ஊவா மாகாணம், சிறப்பாகப் பதுளையும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களும், அத்தகையதொரு நிலமாகும். அந்நிலத்திற் பிறந்த தெளிவத்தை ஜோசப்பின் எழுத்து வாழ்வை நடுவாகக் கொண்டு, வாசிப்பு ஓர் எழுத்தாளனுக்கு எதனைத் தருகின்றது, எதனை மறைக்கின்றது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

லயத்திற்கு வந்த நூல்கள்

19ஆம் நூற்றாண்டிற் கோப்பிப் பயிர்ச்செய்கை மலைச்சரிவுகளிற் பரவியதோடு, தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளரும் மலைநாட்டுக்குக் கொண்டுவரப்பட்டனர். 1869ஆம் ஆண்டில் ஊவாவைச் சேர்ந்த மடுல்சீமைப் பகுதியில் முதன்முதலாகக் காணப்பட்ட இலைநோய், அடுத்த இரு தசாப்தங்களுக்குள் கோப்பியை அழித்தொழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. 1924இல் புகையிரதப் பாதை பதுளையை வந்தடைந்தது. அப்புகையிரதம் தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புக்கு இறக்கிச் சென்றது. மீண்டு வருகையில் அரிசியோடும் பிற பொருள்களோடும் அஞ்சற் பைகளையும் ஏற்றி வந்தது. தமிழகத்து வார இதழ்களும் மாத இதழ்களும் அப்புட்டளை, பண்டாரவளை, தெமோதரை, ஹாலி-எல முதலிய நிலையங்களில் இறங்கியது இவ்வழியிலேயே.

அவ்விதழ்களைப் படிக்கவல்லார் எத்துணையர் என்பது அடுத்து எழும் வினாவாகும். தோட்டப் பாடசாலை என்பது பெரும்பாலும் ஒரு கட்டடம், ஓர் ஆசிரியர், சில தொடக்க வகுப்புகள் என்னும் அளவோடு நின்றது. 1945இல் நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும், தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் அதன் பயனுக்குப் புறத்தேயே நின்றன. அரசு அவற்றைப் பொறுப்பேற்கும் முயற்சி 1970களிலேயே தொடங்கிற்று. ஆகவே, அச்சிட்ட தாளைத் தாமே படிக்கும் பேறு தோட்டத்து ஆசிரியர், கணக்கப்பிள்ளை, கிளாக்கர் ஆகியோரின் இல்லங்களுக்கே பெரிதும் உரியதாயிற்று. தமிழகத்து வார இதழ்களும் அவற்றில் தொடர்கதைகளாக வந்து பின்னர் நூலுருப்பெற்ற நாவல்களும் அவ்வில்லங்களிலேயே தங்கின.

எனினும், லயங்களில் வாழ்ந்தோர் நூற்றொடர்பு அற்றவராயிருந்தனர் எனக் கொள்ளுதல் பிழையாகும். நல்லதங்காள் கதை, அல்லியரசாணி மாலை, மதுரைவீரன் கதை முதலிய பெரிய எழுத்துப் புத்தகங்கள் ஊரிலிருந்து வந்தோரின் துணி மூட்டைகளோடு கடல் கடந்து வந்தன. எழுத்தறிந்த ஒருவர் இரவில் விளக்கடியில் அமர்ந்து இராகம் இழுத்துப் படிக்க, சுற்றியிருந்தோர் கேட்டு மனத்திற் பதித்தனர். காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய ஆட்டங்கள் அக்கேள்வியறிவை ஆண்டுதோறும் புதுப்பித்தன. கொழுந்து கொய்வோரும் தாலாட்டுவோரும் ஒப்பாரி வைப்போரும் தம் வாழ்வைத் தாமே பாட்டாக்கினர்.

இவ்வாறு ஒரே தோட்டத்தில் இருவகை வாசிப்பு நிலவியது. கண்வழி வாசிப்பு ஒன்று. செவிவழி வாசிப்பு மற்றொன்று. முன்னையதன் களம் காவிரிக்கரையும் சென்னை நகரமும். பின்னையதன் களம் புராணமும் தேயிலை மலையும். மலையகத்தின் நவீன எழுத்து, இவ்விரண்டும் நெடுங்காலம் ஒன்றையொன்று அறியாது நின்று, பின்னர்ச் சந்தித்த கதையே எனலாம்.

இரு முன்னோடிகள்

ஊவாவின் எழுத்தை நோக்குமுன், மலைநாடு முழுவதற்கும் வழிகாட்டிய இருவரை நோக்குதல் பயன்தரும். அவ்விருவரிடத்தும் வாசிப்பு எழுத்தான முறை வெளிப்படையாகத் தெரிகின்றது.

தஞ்சையிலிருந்து வந்து, 1924இல் கொழும்பிலே 'தேசபக்தன்' இதழைத் தொடங்கிய கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள், தொழிலாளர் கூட்டங்களிற் பாரதி பாடல்களைப் பாடினார். பாரதி பாடல்கள் பயின்ற நாவிற் பிறந்தவை அவருடைய சொந்தப் பாடல்கள். இந்தியத் தொழிலாளரின் இலங்கை வாழ்வைப் பொருளாகக் கொண்ட அவை 1940இற் சிறு நூலாக வெளிவந்தன. பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகக் கண்ணீர் விட்ட பாரதியைப் படித்தவர், தேயிலைத் தோட்டத்துப் பெண்களைப் பாடத் தலைப்பட்டது இயல்பே. எளிய இசைப்பாட்டு மேடையில் ஆயுதமாகும் என்பதைப் பாரதியின் பாடல்களே உணர்த்தின எனலாம்.

மற்றவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1914இற் பூண்டுலோயாப் பகுதித் தோட்டமொன்றிற் பிறந்த இவர், ஆங்கிலக் கல்வி பெற்று இரவீந்திரநாத் தாகூரின் எழுத்தில் ஆழ்ந்து ஈடுபட்டவர். தோட்டத் தொழிலாளரின் துயரைப் பாடிய அவருடைய நெடுங்கவிதை 1954இல் ஆங்கிலத்திலேயே வெளிவந்தது. அது 'தேயிலைத் தோட்டத்திலே' என்னும் பெயரில் சக்தீ பால ஐயாவினால் தமிழாக்கம் செய்யப்பட்ட பின்னரே தமிழ் வாசகரைச் சென்றடைந்தது. தாகூரின் ஆங்கில வசன கவிதை அவருக்கு உருவத்தை வழங்கியது. அதே வேளையில், எவரைப் பாடினாரோ அவர் படிக்கவியலாத மொழியில் அவரை நிறுத்தவும் செய்தது. இக்குறையை அவரே உணர்ந்தார் போலும். தொழிற்சங்க வாழ்வில் லயந்தோறும் நடந்த அவர், தொழிலாளரின் நாட்டுப்பாடல்களைக் கேட்டுத் தொகுத்தார். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' எனும் அத்தொகுப்பு, அவர் மறைவதற்கு முந்திய ஆண்டாகிய 1983இல் நூலாயிற்று. 'வீடற்றவன்' முதலிய நாவல்களைத் தமிழில் அளித்தார். தாகூரிலிருந்து தொடங்கிய வாசகர் தெம்மாங்கிற்கு வந்து சேர்ந்தமை, கண்வழி வாசிப்பும் செவிவழி வாசிப்பும் ஒருவருள்ளேயே சந்தித்ததற்குச் சான்றாகும்.

கட்டவளையும் கும்பகோணமும்

தெளிவத்தை ஜோசப் 1934ஆம் ஆண்டு பெப்ரவரி 16ஆம் நாள், ஹாலி-எலவுக்கு அண்மையிலுள்ள ஊவாகட்டவளைத் தோட்டத்திற் பிறந்தார். தந்தையார் தோட்டப் பாடசாலை ஆசிரியர். அவரிடமே தொடக்கக் கல்வி வாய்த்தது. பின்னர்க் கும்பகோணத்திற்கு அனுப்பப்பட்டு மூன்றாண்டுகள் அங்குப் பயின்றார். மீண்டு வந்து பதுளை புனித பீட்ஸ் கல்லூரியிற் கற்றார். தெளிவத்தைத் தோட்டத்தில் உத்தியோகம் ஏற்றபின், அத்தோட்டத்தின் பெயரே அவர் பெயருக்கு முன்னொட்டாயிற்று.

இவ்வரலாற்றில் இரு குறிப்புகள் கருதத்தக்கன. ஒன்று, நூல் புகுந்த இல்லத்தில் அவர் பிறந்தமை. மற்றொன்று, தமிழகத்து இலக்கிய நிலத்தில் அவர் இளமையின் ஒரு பகுதி கழிந்தமை. கும்பகோணம் ந. பிச்சமூர்த்தி, கு. ப. ராஜகோபாலன் ஆகியோரை ஈன்ற ஊர். தமிழ்ச் சிறுகதையின் வளர்ச்சியோடு பிரிக்கவொண்ணாது பிணைந்தது. அக்காலத்துத் தமிழ்ப் புனைகதையைப் பயின்ற மலைநாட்டு இளைஞர் எவர்க்கும், கதை என்பது ஆற்றங்கரையிலும் அக்கிரகாரத்திலும் நகரத்து மாடியிலும் நிகழ்வதே என்னும் எண்ணம் உண்டாவது இயல்பு. லயத்தின் காம்பிராவிலும் பிரட்டுக் களத்திலும் கதை நிகழக்கூடும் என்று அவர்களுக்குச் சொன்ன நூல்கள் மிகச் சிலவே.

அச்சிலவற்றுள் ஒன்று புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'. 1935இல் 'மணிக்கொடி'யில் வெளிவந்த இந்நெடுங்கதை, திருநெல்வேலிச் சிற்றூரொன்றிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குக் கொண்டு செல்லப்படும் பெண்ணொருத்தியின் சிதைவைக் கூறுகின்றது. தோட்டத்தைத் தமிழ்ப் புனைகதையின் பொருளாக்கிய அதன் வரலாற்றுச் சிறப்பு மறுத்தற்கரியது. ஆயினும், அது தோட்டத்தைக் கடலுக்கு அப்பால் நின்று கண்ட கதை. அதில் தோட்டம் மனிதரை விழுங்கும் கேணி. அங்கே பிறந்து, அங்கேயே பள்ளி சென்று, அதனையே ஊரெனக் கருதும் மனிதருக்கு அதில் இடமில்லை. தம் நிலம் பிறர் எழுத்தில் வருவதைப் படிக்கும் எழுத்தாளனுக்கு இருவகை உணர்வு தோன்றும்: இதுவும் எழுதத்தக்கதே என்னும் துணிவு, இது முழுமையன்று என்னும் குறைவு. இவ்விரண்டும் கூடிய இடத்திலேயே புதிய எழுத்து பிறக்கின்றது.

ஜோசப்பின் முதற் சிறுகதையாகிய 'வாழைப்பழத் தோல்' 1960களின் முற்பகுதியில் தமிழகத்து 'உமா' இதழில் வெளிவந்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. பதுளைத் தோட்டமொன்றில் இருந்த இளைஞர், தம் முதற் கதையை அச்சிற் காணக் கடலுக்கு அப்பால் நோக்கினார். வாசிப்பு எங்கிருந்து வந்ததோ அங்கேயே எழுத்தும் திரும்பிச் சென்றது.

அளவுகோல் மாறிய காலம்

அப்போக்கு மாறியமைக்குத் தனியொருவரின் மனமாற்றம் மட்டும் காரணமன்று. 1950களின் பிற்பகுதியிலிருந்து இலங்கைத் தமிழ் எழுத்துலகில் 'தேசிய இலக்கியம்', 'மண்வாசனை' என்னும் குரல்கள் எழுந்தன. க. கைலாசபதி 1959 முதல் 1961 வரை 'தினகரன்' ஆசிரியராயிருந்தபோது, இந்நாட்டு மக்களின் வாழ்வை இந்நாட்டுப் பேச்சிலேயே எழுதுவோர்க்கு அதன் பக்கங்கள் திறந்தன. என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' 1961இல் அவ்விதழிலேயே வெளிவந்தது. மக்கள் பேச்சு இலக்கியத்திற்கு இழுக்கென்று மரபுவாதிகள் வாதிட்ட அக்காலத்தில், கொழுந்து கொய்யும் பெண்ணின் பேச்சு நாளிதழின் பக்கத்தில் அச்சேறியமை மலைநாட்டு வாசகருக்குப் பெருந்திறப்பாயிற்று.

1960களில் மலைநாட்டு எழுத்தாளர் மன்றமும் 'வீரகேசரி'யும் சார்ந்து மலைநாட்டாருக்கெனச் சிறுகதைப் போட்டிகள் நடைபெற்றன. நாளிதழில் மலையகப் பகுதியைக் கவனித்து வந்த எஸ். எம். கார்மேகம் இம்முயற்சிக்குப் பெரிதும் உழைத்தார். பரிசுக் கதைகள் 1971இல் 'கதைக்கனிகள்' என்னும் தொகுதியாயின. ஜோசப்பின் 'பாட்டி சொன்ன கதை'யும் பரிசு பெற்றவற்றுள் ஒன்று. தமிழகத்து இதழொன்றில் தொடங்கிய எழுத்தாளர், இப்போது தம் பாட்டியின் வாய்மொழிக்குச் செவிசாய்க்கும் தலைப்போடு தம் மக்கள் முன் வந்து நின்றார். அச்சில் வந்த கதையை அயற்றோட்டத்து இளைஞர் படித்தனர், தாமும் எழுதினர். வாசகரும் எழுத்தாளரும் ஒரே மலையில் வாழும் நிலை முதன்முறையாக உருவாயிற்று.

ஆகவே, வாசிப்பு எழுத்தாளனுக்கு உருவத்தை மட்டும் தருவதில்லை. எது எழுதத்தக்க பொருள் என்னும் அளவுகோலையும் தருகின்றது. அவ்வளவுகோல் முழுவதும் வேற்றுநிலத்ததாயின், எழுத்தாளன் தன் வாயிலில் நிகழ்வதைக் காணத் தவறுவான். தன் நிலத்து எழுத்தையும் படிக்கத் தொடங்கியபோது அளவுகோல் திருந்துகின்றது. ஜோசப்பின் 'மீன்கள்' இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. வளர்ந்த பிள்ளைகளோடு ஒரே காம்பிராவிற் படுத்துறங்க வேண்டிய குடும்பத்தின் அவலமே அக்கதையின் பொருள். நெருக்கமும் நாணமும் குற்றவுணர்வும் கலந்த அகவுலகைச் சொற்செட்டோடு காட்டும் கலை தமிழ்ச் சிறுகதை மரபு வளர்த்தது. அக்கலைக்குரிய பொருளை லயத்தின் நீள அகலத்திற் கண்டமை ஊவாவின் பேறு. இரண்டனுள் எது குறைந்திருப்பினும் அக்கதை பிறந்திராது.

தடையும் பேறும்

1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசு இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியபோது, தமிழகத்து இதழ்கள் பலவற்றின் வரவும் குன்றியது. வாசகர் பலர் இதனைப் பேரிழப்பாகக் கருதினர். எழுத்தாளர் சிலரோ நல்வாய்ப்பாகக் கண்டனர். இருசாராரின் கூற்றிலும் உண்மை உண்டு. வெற்றிடத்தை நிரப்ப உள்நாட்டு வெளியீடுகள் தோன்றின. வீரகேசரி நிறுவனம் ஈழத்து நாவல்களைத் தொடர்ச்சியாக வெளியிட்டது. அவ்வரிசையில் ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' 1974இல் வெளிவந்தது. பதுளையைச் சேர்ந்த மு. நித்தியானந்தன் 'வைகறை' வெளியீட்டகத்தின் வாயிலாக 1979இல் ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' தொகுதியையும், 1980இல் இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' தொகுதியையும் நூலாக்கினார். இதழோடு மறைந்திருக்கக்கூடிய கதைகள் நூலாகி, பல்கலைக்கழகத்திற் படிக்கப்படும் தகுதியைப் பெற்றமை இம்முயற்சியின் பயன்.

எனினும், தடையே இலக்கியத்தை வளர்த்தது என முடிவு கட்டுதல் பொருந்தாது. முன்னைய இரு தசாப்தங்கள் தங்குதடையின்றி வந்த இதழ்களைப் படித்து உருவப் பயிற்சி பெற்றவர்களே தடைக்காலத்தில் எழுத வல்லவராயினர். வரவு நின்ற பின்னர்ப் படிக்கத் தொடங்கிய தலைமுறைக்கு அப்பயிற்சி அவ்வளவிற் கிட்டவில்லை. மேலும், அதே காலத்தில் வாசகரே நாட்டைவிட்டு அகன்றுகொண்டிருந்தனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகைசெய்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சம் தோட்டங்களை வாட்டியது. பதுளை நிலையத்தில் பெட்டியோடு வண்டியேறியவருள், கதை படித்தவரும் எழுதக்கூடியவரும் இருந்திருப்பர். ஓர் இலக்கியத்தின் வளர்ச்சியைக் கணக்கிடுவோர், எழுதப்பட்ட நூல்களோடு, பிரிந்து சென்ற வாசகரையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

1983 ஜூலை வன்செயல்களின்போது பதுளை நகரிலும் தமிழர் கடைகளும் இல்லங்களும் எரிக்கப்பட்டன. எரிந்த பொருள்களுக்கு மதிப்பீடு எழுதப்படும். எரிந்த இல்லங்களிலிருந்த இதழ்க் கட்டுகளுக்கும் கையெழுத்துப் படிகளுக்கும் மதிப்பீடு எழுதுவார் இலர்.

முன்னோரைத் தேடிய வாசகர்

இப்பின்னணியில் நோக்கும்போதே ஜோசப்பின் பிற்கால உழைப்பின் பொருள் விளங்கும். கொழும்புப் பகுதியிற் குடியேறிய பின்னரும், அவர் மலையகத்தார் எழுதிய கதைகளைப் பழைய இதழ்களிலிருந்து தேடித் தொகுத்தார். 'மலையகச் சிறுகதைகள்', 'உழைக்கப் பிறந்தவர்கள்' என்னும் தொகுதிகள் 1997இல் வெளிவந்தன. 2000ஆம் ஆண்டில் 'மலையகச் சிறுகதை வரலாறு' வெளிவந்தது. புனைகதையாளர் ஒருவர் தம் காலத்தைப் படைப்பிற்குச் செலவிடாது பிறர் கதைகளைத் தேடுவதிற் செலவிட்டது ஏன் என்னும் வினா எழலாம். இளமையில் தாம் படிக்க விரும்பியும் கிடைக்காத நூல்களை, பின்வருவோர்க்குக் கிடைக்கச் செய்தார் என்பதே அதற்குரிய விடையாகும்.

முன்னோர் எழுதியிருந்தால் மட்டும் மரபு உண்டாவதில்லை. பின்னோர் அவற்றைப் படித்தாலன்றி அது மரபாகாது. ஆபிரகாம் ஜோசப் என்பவர் இயற்றிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' 1869இலேயே அச்சேறியது. மடுல்சீமையில் இலைநோய் தோன்றிய அதே ஆண்டில், கோப்பிச் செய்கையைப் புகழ்ந்து தோட்டத்துரைமாரின் நோக்கிற்கு இசைய எழுந்த நூல் அது. தொழிலாளரை நோக்கிய அதன் பார்வை மறுக்கத்தக்கதே. ஆனால் மறுப்பதற்கேனும் அதனைப் படித்திருத்தல் வேண்டும். அந்நூலையும், துரைமாருக்குக் கட்டளைத் தமிழ் கற்பித்த கைந்நூல்களையும் மு. நித்தியானந்தன் 2014இல் 'கூலித்தமிழ்' என்னும் ஆய்வுநூலில் வெளிக்கொணர்ந்தபோது, ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுக்கால எழுத்து வரலாறு மலையகத்தார்க்கு உரித்தாயிற்று. இடைப்பட்ட காலத்து எழுத்தாளர் பலர், தமக்கு முன்னே எவரும் இலர் என்னும் எண்ணத்தோடே எழுதினர். முதனூலை அறியாமல் வழிநூல் செய்த நிலை அது.

தேடிப் படித்த வரலாறு ஜோசப்பின் படைப்பையும் விரிவுபடுத்தியது. 2010இல் வெளிவந்த 'குடைநிழல்' தோட்ட எல்லையைக் கடந்து, போர்க்காலத்துத் தலைநகரில் ஐயத்திற்குரியவனாக நடத்தப்படும் தமிழ்க் குடும்பத்தலைவனின் நிலையைப் பேசுகின்றது. லயத்தின் நெருக்கத்தைக் கண்ட கண், சிறையின் நெருக்கத்தையும் காண வல்லதாயிற்று. 2013இல் தமிழகத்தின் விஷ்ணுபுரம் விருது அவருக்கு வழங்கப்பட்டது. 1960களில் தம் கதையைக் கடல் கடந்து அனுப்பியவர், இப்போது அங்குள்ளோர் படித்து அறிய வேண்டிய ஒருவராக அழைக்கப்பட்டார். 2022 அக்டோபர் 21ஆம் நாள் அவர் மறைந்தார்.

முடிவுரை

அனுபவமே எழுத்துக்குப் போதும், வாசிப்பு அதனைக் கெடுக்கும் என வாதிடுவோர் உளர். அவ்வாதம் உண்மையாயின், துயரம் மிகுந்த மலைநாட்டில் முதல் நூறாண்டிலேயே நாவல்கள் பல தோன்றியிருத்தல் வேண்டும். தோன்றியவையோ பாடல்கள், செவிவழி வாசிப்பு வழங்கிய உருவம் பாடலாயிருந்ததே அதற்குக் காரணம். சிறுகதையும் நாவலும் அச்சுவழி வாசிப்போடே வந்தன. மறுபுறம், வாசிப்பு மட்டுமே போதுமாயின், இதழ்களைப் படித்த கணக்கப்பிள்ளை வீடுகள் அனைத்தும் எழுத்தாளரை ஈன்றிருத்தல் வேண்டும். கற்ற உருவம் கேட்ட வாழ்வோடு மோதிய இடத்தில் மட்டுமே எழுத்து பிறந்துள்ளது என்பதை ஊவாவின் வரலாறு தெளிவுறக் காட்டுகின்றது.

இதிலிருந்து பெறப்படும் கடமை ஒன்றுண்டு. தோட்டத்துச் சிறுவனுக்கு உலக இலக்கியமும் தமிழகத்து இலக்கியமும் கிடைத்தல் வேண்டும். அவற்றோடு, அவன் பிறந்த மலையைப் பற்றி அவனுக்கு முன்னே எழுதியோரின் நூல்களும் அவன் கைக்கெட்டும் தொலைவில் இருத்தல் வேண்டும். அவை மறுபதிப்பின்றிப் பழைய இதழ்க் கட்டுகளுள் கிடக்குமாயின், அடுத்து எழுதுவோனும் தன்னையே முதல்வனென எண்ணித் தொடங்குவான். ஊவாகட்டவளையிற் பிறந்த அவ்வாசகர் தம் பிற்கால ஆண்டுகளைச் செலவிட்டது அந்நிலை மீண்டும் நேராதிருத்தற்பொருட்டேயாகும்.